வெளியே தள்ளி நின்ற பின்சக்கரம்

மகளுக்குக் காது குத்த நாள் குறித்த வாரத்தில்தான் என் கணவர் காரின் பின்சக்கரங்களை வெளியே தள்ளி வைத்துக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். பக்கவாட்டில் பார்த்தபோது எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பின்னால் போய் நின்ற பிறகுதான் தெரிந்தது. டயர் இரண்டும் காரின் உடம்பை விட்டு வெளியே எட்டிப் பார்த்தன.

"எப்படி இருக்கு?" என்றார்.

"டயரை மாத்திட்டீங்களா?"

"டயர் அதே டயருதான். ஸ்பேசர் போட்டிருக்கு."

கைபேசியில் படம் காட்டினார். சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறிய, தடித்த அலுமினிய வட்டு. சக்கரத்துக்கும் அது மாட்டியிருக்கும் அச்சுக்கும் நடுவில் அதை வைத்துவிட்டால் சக்கரம் அந்தத் தடிமன் அளவுக்கு வெளியே வந்துவிடும். எதற்காக வெளியே வர வேண்டும் என்று கேட்டேன். "முன்னாடி உள்ள ஒடுங்கிப் போய்க் கெடந்துச்சு. இப்பப் பாரு, சும்மா கால விரிச்சு நிக்குது" என்றார்.

அப்போதே அவருடைய கல்லூரி நண்பருக்கு வீடியோ கால் போனது. அவர்தான் இந்த யோசனையைச் சொன்னவர், பைபாஸ் பக்கம் ஒரு கடையையும் காட்டியவர். ஸ்பீக்கரில் அவர் குரல் தெரு முழுக்கக் கேட்டது.

"மாப்ள, இப்பத்தான்டா வண்டி ஆம்பள மாதிரி நிக்குது."

நான் குறுக்கே கேட்டேன். "அண்ணே, இது சேஃப்தானா?"

"தங்கச்சி வந்துருச்சா, போச்சு. கம்பெனிக்காரன் போட வேண்டியதம்மா இது. கஞ்சத்தனத்துல விட்டுட்டான்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை. அந்தக் கேள்வியை அதற்குப் பிறகு எத்தனையோ விதமாகக் கேட்டேன். ஒவ்வொரு முறையும் சிரிப்புதான் வந்தது.

பாப்பா பிறப்பதற்கு முன் நான் ஒரு பள்ளியில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தேன். அதனால் என் வாயை அடைக்க வேண்டும் என்றால் அவர் என்னை "டீச்சர்" என்று கூப்பிடுவார். ஆனால் இதைப் புரிந்துகொள்ள டீச்சராக இருக்கவே தேவையில்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அரை நாள் வேலை பார்த்துவிடலாம். அதே பிள்ளையைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பாருங்கள், நிமிடத்தில் தோள் கழன்றுவிடும். பிள்ளையின் எடை கூடவில்லை. தள்ளி நிற்பதுதான் கனம். அந்தக் கனத்தைக் காரின் அச்சும் பேரிங்கும் இனி தினமும் தாங்க வேண்டும். பாப்பாவின் இருக்கை பின்னால் இடது பக்கம், அந்தச் சக்கரத்துக்கு மேலேயே கட்டப்பட்டிருக்கிறது. எனக்குத் தெரிய வேண்டியது இது ஒன்றுதான்: என் மகளை இந்தக் காரில் உட்கார வைக்கலாமா, கூடாதா?

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். நான் பயந்தவள். பாப்பா பிறந்ததிலிருந்து கேஸை மூடினேனா என்று திரும்பிப் போய்ப் பார்ப்பேன். அவள் அசையாமல் தூங்கினால் மூக்கருகே விரலை வைப்பேன். இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதனால் நான் எதைச் சொன்னாலும் அது என் பயத்தின் கணக்கில் போய்விடும். எனக்கே அப்படித்தான். ஒன்றைச் சொல்லி முடித்ததும் இதுவும் அந்தப் பயம்தானோ என்று பின்வாங்கிவிடுவேன்.

பாப்பா மதியம் தூங்கும் நேரமெல்லாம் கைபேசியில் தேடினேன். பந்தயக் கார்களிலேயே போடுகிறார்கள், ஒன்றும் ஆகாது என்றார் ஒருவர். பேரிங் சீக்கிரம் தேயும், எங்கள் கடையில் தொடவே மாட்டோம் என்றார் இன்னொருவர். நல்ல தயாரிப்பாக இருந்து, நடு ஓட்டை அச்சோடு இம்மி பிசகாமல் பொருந்தி, சரியாக இறுக்கியிருந்தால் பயமில்லை என்று நிறையப் பேர் எழுதியிருந்தார்கள். சரியாக. எல்லோரும் அந்த வார்த்தைக்குள் போய் ஒளிந்துகொண்டார்கள். எங்கள் காரில் சரியாக இருக்கிறதா என்று யார் பார்த்தார்கள் என்று நான் யாரிடம் கேட்பது?

அப்புறம் ஒரு நாள் இட்லி சாப்பிட்டுக்கொண்டே அவராகச் சொன்னார். "கொஞ்சம் ஓட்டிட்டு மறுபடியும் கொண்டாரச் சொன்னான். ஒருவாட்டி டைட் வைக்கணுமாம்."

"எதை டைட் வைக்கணும்?"

"உள்ள இருக்கற நட்ட."

அப்போதுதான் உள்ளே தனி நட்டுகள் இருப்பதே எனக்குத் தெரிந்தது. வட்டை அச்சோடு சேர்த்து இறுக்குவதற்கு ஒரு வரிசை, அந்த வட்டின் மேல் சக்கரத்தை இறுக்குவதற்கு இன்னொரு வரிசை. வெளியே நம் கண்ணுக்குத் தெரிவது இரண்டாவது வரிசை மட்டும்தான். உள்ளே இருப்பவை கொஞ்ச தூரம் ஓடியதும் இளகலாம், சக்கரத்தைக் கழற்றினால்தான் அவற்றைப் பார்க்கவே முடியும்.

"எப்பப் போறீங்க?"

"போவோம். சட்னி வை."

போயிருந்தால் இதை எழுதவே வேண்டியிருந்திருக்காது.

அந்த வெள்ளிக்கிழமை அத்தை வண்டிக்குப் பூஜை போட்டார். என் மாமியாருக்கு வண்டியில் எது புதிதாக ஏறினாலும் பூஜை போட்டாக வேண்டும். சீட் கவர் மாற்றியதற்கே எலுமிச்சம்பழம் நசுக்கியவர். நான்கு சக்கரத்துக்கும் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தார். மஞ்சள் துணியில் ஒரு காசை வைத்துக் குலசாமியின் பேரைச் சொல்லி முடிந்து ஸ்டீயரிங்கில் கட்டினார். அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. சாமிக்கு முடிந்துவிட்ட வண்டியை, அந்தச் சாமியின் வாசலுக்குப் போய் முடிச்சை அவிழ்க்கும் வரை பிரிக்கக் கூடாது, கழற்றக் கூடாது.

"காது குத்திட்டு வர்ற வரைக்கும் எவனும் வண்டியில ஸ்பேனர் வைக்கக் கூடாது" என்றார் அத்தை.

"அத்தை, உள்ள நட்டை ஒருவாட்டி இறுக்கணும்னு கடையிலயே சொல்லியிருக்காங்க. சும்மா இறுக்குறதுதானே."

"சக்கரத்தக் கழட்டாம இறுக்க முடியுமா?"

"முடியாது அத்தை."

"அப்பறம் என்ன? ஏம்மா, கழுத்துல தாலி ஏறுன பெறகு முடிச்சு நல்லா இருக்கான்னு அவுத்து அவுத்தா பாக்குறோம்?"

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டிய பேச்சு. வரவில்லை. நான் கணவரைப் பார்த்தேன். ராகுகாலத்தில் கிளம்பாதே என்று அவர் அம்மா சொன்னால் வேண்டுமென்றே அந்த நேரத்தில் கிளம்புகிறவர் அவர். இதை மட்டும் பிடித்துக்கொண்டார். "அம்மா சொல்லுதுல்ல, விடு" என்றார். கடைக்குப் போகச் சோம்பல். அதற்குச் சாமி துணைக்கு வந்துவிட்டது. அத்தைமேல்கூட எனக்கு அவ்வளவு கோபம் இல்லை, அவருக்கு அது நம்பிக்கை. இவருக்கு அது வசதி.

வண்டியூரில் இருக்கும் என் அம்மாவுக்குப் போன் போட்டேன். "காது குத்து முடியிற வரைக்கும் வாயத் தொறக்காத" என்றார் அம்மா. "அவுக வீட்டுச் சாமி, அவுக வண்டி. நீ பாட்டுக்கு இரு."

"பாப்பா அந்தச் சக்கரத்துக்கு மேலதான்மா உக்காருவா."

"ஊர்ல எம்புட்டு வண்டி ஓடுது, எல்லாம் கழண்டா விழுகுது?"

மறுநாள் காலை அவர் குளிக்கும்போது டிக்கியில் இருந்த வீல் ஸ்பேனரை எடுத்துப் பின்சக்கரத்து நட்டுகள் ஒவ்வொன்றின் மேலும் வைத்து அழுத்திப் பார்த்தேன். ஒன்றுகூட அசையவில்லை. சாமியின் சந்தனத்தில் கை வைக்கிறோமே என்று இருந்தது, ஆனாலும் பார்த்தேன். நிம்மதியாக நிமிர்ந்தபோதுதான் உறைத்தது. நான் சோதித்தது வெளி வரிசையை. உள்ளே இருப்பதைப் பற்றி இவை எதுவும் சொல்லாது. துண்டோடு வந்த அவர் என்னைப் பார்த்துவிட்டு, "வாங்க மெக்கானிக்கம்மா, ஆயில் மாத்தணுமா?" என்றார்.

அன்று சாயங்காலம் தெப்பக்குளம் பக்கம் போய்த் திரும்பும்போது ஒரு வேகத்தடையில் இடது பின்பக்கம் 'டக்' என்றது.

"கேட்டுச்சா?"

"எது?"

"இப்ப. பாப்பா சீட்டுக்குக் கீழ."

அடுத்த வேகத்தடையில் வேண்டுமென்றே மெதுவாக ஏற்றி இறக்கினார். சத்தம் வரவில்லை. "டக்கும் இல்ல, முக்கும் இல்ல. உனக்கு வீட்டுக்குள்ள அடைஞ்சு கெடந்து காதுல ஏதோ ஆகிப்போச்சு" என்றார். பாட்டைக் கூட்டி வைத்தார். நான் வழி நெடுகக் காதைத் தீட்டிக்கொண்டே வந்தேன். வீடு வந்து சேர்ந்தபோது, முதலில் கேட்டது நிஜமா என்று எனக்கே சந்தேகமாகிவிட்டது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. என் காதை நானே நம்பாதபடி என்னை ஆக்கிவிட்டார்கள். நானும் ஆகிவிட்டேன்.

காது குத்தும் நாள் வந்தது. குலசாமி திருமங்கலத்தைத் தாண்டிக் கரிசல் காட்டுக்குள் இருக்கிறது. காலையில் பாப்பாவுக்குப் பட்டுப்பாவாடை கட்டிவிட்டேன். அத்தை முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். கணவர் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார். நான் பிள்ளையோடு அந்த இருக்கையின் முன்னால் வந்து நின்றேன். குனிந்து அவளை உட்கார வைக்க வேண்டும், அவ்வளவுதான். கை போகவில்லை.

"நாங்க பஸ்ல வாரோம்" என்றேன்.

அப்படிச் சொல்வேன் என்று எனக்கே தெரியாது. அவருக்கு முதலில் புரியவில்லை.

"என்னது?"

"அந்த நட்டை யாரும் பாக்கல. பாக்குற வரைக்கும் பாப்பா இதுல ஏற மாட்டா."

"நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு பேசுறா பாரு" என்றார் அத்தை முன்சீட்டிலிருந்து, திரும்பாமலே.

"இறங்கிருங்க அத்தை, நீங்களும் வாங்க. எல்லாரும் பஸ்லயே போவோம்."

"சாமிக்கு முடிஞ்ச வண்டிய விட்டுட்டு நான் பஸ்ல போகணுமா?"

எதிர்வீட்டுக்காரர்கள் கோலத்தைப் பார்ப்பதுபோல எங்களைப் பார்த்தார்கள். கணவருக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏறுறியா, இல்லையா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன். பின்னால் கதவு அடித்துச் சாத்தப்பட்டது.

திருமங்கலம் பஸ்ஸில் ஒரு அம்மா நகர்ந்து இடம் கொடுத்தார். பாப்பா ஜன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு, போகிற வண்டிகளுக்கெல்லாம் கையாட்டினாள். கார் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தால் ஆயுளுக்கும் நான் பைத்தியக்காரி. சேராவிட்டால் அதில் அத்தை இருக்கிறார், அவர் இருக்கிறார். இரண்டில் எதை வேண்டிக்கொள்வது? எதையும் வேண்டிக்கொள்ள முடியாத இடத்தில் என்னைக் கொண்டுவந்து உட்கார வைத்ததற்காக அவர்மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. ஒரு காலைப்பொழுது கடைக்குப் போய் வந்திருந்தால் முடிந்திருக்கும்.

திருமங்கலத்தில் என் தம்பி சீர்த்தட்டுகளோடு காத்திருந்தான். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். "ஏக்கா பஸ்ல வாரே, மச்சான் எங்க?" என்றான். கார் பின்னால் வருகிறது என்றேன். ஒரு ஆட்டோ பிடித்துக் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தோம். பஸ்ஸையும் ஆட்டோவையும் நம்பி வந்த நாங்கள் வந்துவிட்டோம். கார் வரவில்லை.

போன் அடித்தேன். எடுக்கவில்லை. திரும்ப அடித்தேன். காது குத்த வந்திருந்த ஆசாரி, "நேரம் போகுதுங்கம்மா" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டார். தம்பி பாப்பாவுக்கு ஆட்டுக்குட்டி காட்டப் போனான். நான் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். பருத்திக் காட்டுக்கு நடுவே அந்த ரோடு நேராகக் கிடந்தது, புழுதிகூட எழவில்லை. 'நான் பைத்தியக்காரியாகவே இருந்துவிட்டுப் போகிறேன், வண்டி வந்துவிடட்டும்' என்று அப்போதுதான் வேண்டிக்கொண்டேன்.

வந்துவிட்டது. முழுசாக, மெதுவாக வந்து வேப்பமரத்தடியில் நின்றது. இறங்கியதுமே அவர், "ரயில்வே கேட்ட போட்டுட்டான்" என்றார். அந்த கேட்டைத் தாண்டித்தான் நாங்களும் வந்தோம், அது திறந்தேதான் கிடந்தது.

அத்தை இறங்கினார். என் பக்கம் பார்க்கவில்லை. ஸ்டீயரிங்கில் இருந்த மஞ்சள் முடிச்சை அவிழ்த்துச் சாமி முன்னால் வைத்துவிட்டு வந்தார். பிறகு மடியிலிருந்து குங்குமப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வண்டியின் பின்பக்கம் போய்க் குனிந்தார். இடது பின்சக்கரத்துக்கு மட்டும் பொட்டு வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

நான் அருகே போனேன். மற்ற மூன்று சக்கரத்திலும் வெள்ளிக்கிழமை வைத்த சந்தனம் காய்ந்து வெடித்துக் கிடந்தது. இந்த ஒன்றில் சந்தனமே இல்லை. துடைத்த இடத்தில் கறுப்பு விரல் தடம், அதன் நடுவே ஈரம் காயாத புதுக் குங்குமம். கணவருடைய பட்டுவேட்டியின் ஓரத்தில் கிரீஸ் இருந்தது.

பாப்பாவைத் தம்பி மடியில் உட்கார வைத்தார்கள். ஆசாரி காதைப் பிடித்ததும் அவள் வீறிட்டாள். நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த அழுகை அடங்கி, வாழைப்பழம் கையில் ஏறும்வரை பொறுத்திருந்தேன். பிறகு எல்லோரும் இருக்கும்போதே கேட்டேன்.

"எத்தன நட்டு?"

"எது?" என்றார் அவர்.

"வர்ற வழியில சக்கரத்தக் கழட்டியிருக்கீங்க. உள்ள எத்தன நட்டு லூசா இருந்துச்சு?"

"ஏய், எல்லாரும் இருக்காங்க."

"இருக்கட்டும்."

தம்பி அவரைப் பார்த்தான். "என்ன மச்சான்?" என்றான். அவர் வேட்டியைத் தட்டிக்கொண்டார். "ஆட்டம் குடுத்துச்சு, நிப்பாட்டிப் பாத்தேன். ரெண்டு லேசா இருந்துச்சு. இறுக்கிட்டேன்."

"லேசான்னா?"

"கையால திரும்புச்சு."

கையால். நட்டு கையால் திரும்பும் வண்டியில், நான்குவழிச் சாலையில், லாரிகளுக்கு நடுவே வந்திருக்கிறார்கள். வந்து இறங்கி, ரயில்வே கேட் என்று ஒரு பொய். அதற்கு மேலே ஒரு குங்குமப் பொட்டு.

"அதான் சாமி சத்தம் குடுத்து நிப்பாட்டிருச்சுல்ல" என்றார் அத்தை. குரல் இறங்கிப் போயிருந்தது. "அம்புட்டுத்தான், விடும்மா."

"சாமி சத்தம் குடுக்குறதுக்கு முன்னாடியே நான் குடுத்தேன் அத்தை. யாரும் நிப்பாட்டல."

அத்தை குங்குமப் பொட்டலத்தை மடித்து மடியில் செருகிக்கொண்டார்.

"சொன்னா நீ இன்னும் பயந்துருவேன்னுதான் சொல்லல" என்றார் கணவர். "இப்பத்தான் இறுக்கியாச்சே. கிளம்பும்போது ஏறு."

"வலது பக்கம்?"

அவர் வேட்டியில் இருந்த கிரீஸைத் தேய்த்தார்.

"வலது பக்கத்த கழட்டிப் பாத்தீங்களா?"

"நேரமாகிப்போச்சு..."

நான் பாப்பாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கோயில் மேடையில் போய் உட்கார்ந்தேன். "ரெண்டு வட்டையும் கழட்டிருங்க. முடிச்சும் அவுத்தாச்சு, இனி சாமிக்கும் ஒன்னும் தடையில்ல. அது வரைக்கும் நாங்க இங்கதான் இருப்போம்" என்றேன். என் குரல் உடையவில்லை. அது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. தம்பி எதுவும் கேட்காமல் போய் ஜாக்கியை எடுத்தான். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அவரும் வேட்டியை மடித்துக் கட்டினார்.

வட்டுகளை வெளியே எடுத்துவிட்டுச் சக்கரங்களைப் பழையபடி அச்சிலேயே மாட்டினார்கள். அவர் இறுக்கி முடித்ததும் நான் போய் ஸ்பேனரை வாங்கி, ஒவ்வொரு நட்டிலும் அதை மாட்டிக் கையால் முழு பலத்தோடு அழுத்திப் பார்த்தேன். பட்டுப்புடவையில் அப்படிச் செய்வதை ஆசாரி வேடிக்கை பார்த்தார். யாரும் மெக்கானிக்கம்மா என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு பாப்பாவை அவள் இருக்கையில் உட்கார வைத்துப் பெல்ட்டைப் போட்டேன். திருமங்கலம் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டாள்.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். சில நாள் கழித்து ஹாலில் அவர் போன் பேசுவது சமையலறையில் கேட்டது.

"இவ தொல்ல தாங்கல மாப்ள, கழட்டிட்டேன். பயந்து சாகுறா. சும்மாதான் கெடக்குது, நீ வேணா எடுத்துட்டுப் போய் மாட்டிக்க."

நட்டு கையால் திரும்பியதை அவர் சொல்லவே இல்லை. அந்தப் பக்கத்தில் சிரித்தது என் காதில் விழுந்தது. அந்த நண்பருக்கும் ஒரு பிள்ளை இருக்கிறது, பாப்பாவைவிடச் சின்னது. மறுநாள் வந்து வட்டுகளை எடுத்துக்கொண்டு, என்னிடம், "தங்கச்சி, இப்ப நிம்மதியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். "கையால திரும்புன நட்டுண்ணே அது" என்றேன். "பாத்துக்கலாம்மா" என்று கேட்டைத் தாண்டிவிட்டார்.

அவர் மனைவியை எனக்குக் கல்யாண வீடுகளில் பார்த்த பழக்கம்தான். போன் நம்பர் இருந்தது. அடுத்த வீட்டுக் காரியத்தில் தலையிடலாமா, குடும்பத்துக்குள் சண்டை மூட்டியவள் என்று பேர் வருமே என்று யோசித்தேன். யோசித்து யோசித்துத்தானே பஸ் ஏறும் நிலைமை வரைக்கும் போனேன். கணவர் ஹாலில் இருக்கும்போதே கூப்பிட்டேன்.

"அக்கா, சொல்லுங்கக்கா" என்றாள் அந்தப் பெண். "நீங்க பயப்படுறீங்கன்னு கழட்டிட்டாங்களாமே. இவரு சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு."

"பயம்தான். உள்ள ரெண்டு நட்டு கையால திரும்புச்சு. அதச் சொன்னாரா?"

அந்தப் பக்கம் அவள் பிள்ளை எதையோ தட்டி விளையாடுவது கேட்டது.

"இல்லக்கா."

ஸ்பேசர் போடவே கூடாதா என்று கேட்டாள். அது எனக்கு இன்றைக்கும் உறுதியாகத் தெரியாது, அதைத்தான் அவளிடமும் சொன்னேன். நல்லதாக வாங்கி, அளவு பார்த்துப் போட்டு, சொன்ன நேரத்தில் கழற்றி இறுக்குகிறவர்கள் நன்றாகவே ஓட்டுகிறார்களாக இருக்கும். "நம்ம வீட்டு ஆளுக அதச் செய்ய மாட்டாங்க. எங்க வீட்டுல செய்யல. அதனால அத மாட்ட விடாத. மாட்டிட்டாருன்னா நீ பக்கத்துல நின்னு, சக்கரத்தக் கழட்டி உள்ள நட்டத் தொட்டுக் காட்டச் சொல்லு. காட்டலன்னா பிள்ளைய ஏத்தாத."

"எனக்கும் அந்த வீடியோ கால் வந்த அன்னைக்கே என்னமோ மாதிரி இருந்துச்சுக்கா. கேட்டா சிரிப்பாருன்னு கேக்கல."

"சிரிக்கட்டும்" என்றேன்.

ஹாலில் டிவி சத்தம் நின்றிருந்தது. அவர் கேட்டுக்கொண்டிருந்தார். நான் குரலைத் தணிக்கவில்லை.